‘சுலபமாக இருந்தது’, பிழைகள் 31

கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பென்சிலால் அதைச் சுற்றி வர வேண்டும். கையையும் தாளையும் ஒரு அட்டை மறைத்திருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் பென்சில் போக வேண்டும், கோட்டைத் தொட்டால் ஒரு பிழை. பி.எஸ்சி. சைக்காலஜி படித்த யாரைக் கேட்டாலும் இந்த மிரர் டிராயிங் பரிசோதனையைச் சொல்வார்கள். மேலே போக நினைத்தால் கை கீழே போகும். முனை திரும்பும் இடத்தில் கை அப்படியே உறைந்து நின்றுவிடும். அதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரிப்போம், எங்கள் முறை வரும் வரைக்கும்.

என் ஜோடி 31 பிழைகள் செய்தாள். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கடைசியில் ‘அகநோக்கு அறிக்கை’ என்று ஒரு பகுதி உண்டு. பரிசோதனைக்கு உட்பட்டவர் தன் அனுபவத்தைத் தன் வாயால் சொல்ல, நாம் அதை எழுத வேண்டும். அவள் சொல்லி நான் எழுதியது: ‘சுலபமாக இருந்தது. மகிழ்ச்சியாக உணர்ந்தேன்.’ அதற்கு நாலு வரி மேலே அதே என் கையெழுத்தில்: பிழைகள் 31. மேடம் இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே இரண்டு வாக்கியங்களைத்தான் எழுதியிருந்தோம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் போன மே மாதம்தான் மறுபடி எடுத்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் அண்ணன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு சிவகாசியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான், கையில் ஒரு கிலோ சாத்தூர் காராச்சேவோடு.

“இவளுக்கு மனசைப் பத்திப் படிக்கணுமாம். படம் வரையவும் செய்யணுமாம். ரெண்டும் சேர்ந்தாப்புல ஒரு வேலை நீதான் பாக்கிறன்னு அம்மா சொல்லுது. அது என்ன வேலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இவகிட்டயாவது சொல்லு.”

“அத்தை, காலேஜுல சைக்காலஜி எடுக்கவா, டிசைன் எடுக்கவா?”

அன்றைக்கு அவளுக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. மீதியை இங்கே எழுதுகிறேன். என் வேலைக்கு யுஎக்ஸ் டிசைன் என்று பெயர்: திரையோ பொருளோ, அதைப் பயன்படுத்துகிறவர் தடுமாறாதபடி வடிவமைப்பது.

எங்கள் அப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து டிசம்பர் கடைசி வரை அப்பாவை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். அவர் சட்டையில் எப்போதும் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. டெய்லி காலண்டர் தாளைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் பெரிய தேதி. ஞாயிறும் அரசு விடுமுறையும் சிவப்பு. தமிழ்த் தேதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் என்று ஒரு உலகமே ஓரங்களில் பொடி எழுத்தில் அடைந்து கிடக்கும். ஒரு வருஷம் ஒரு பார்ட்டி தன் கடைப் பெயர் தாளுக்குத் தாள் பெரிதாக வர வேண்டும், தேதியைக் கொஞ்சம் சுருக்குங்கள் என்று கேட்டார். அப்பா சாப்பிட உட்கார்ந்தபடி முணுமுணுத்தார்: “தேதி அடுப்படியில இருந்து தெரியணும். ராகு காலம் பாக்கிறவன் எப்படியும் எந்திரிச்சுப் பக்கத்துல போவான்.”

எதை எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த அவசரத்தில், யார் பார்ப்பார்கள் என்பதைப் பின்னாளில் ஒரு செமஸ்டர் முழுக்க எனக்குப் பாடமாக நடத்தினார்கள். அப்பா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லி முடித்துவிட்டார். மெஷின்மேன் பேச்சை யார் கேட்டார்கள்? அந்த வருஷம் தேதி சின்னதாகத்தான் அச்சானது.

நான் சைக்காலஜியில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எஞ்சினியரிங் சேரப் பணம் இல்லை, கணக்கு எனக்குப் பிடிக்கும், பி.எஸ்சி. கணக்குக்கு இடம் முடிந்திருந்தது. தெருவில் “பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கிற படிப்பாமே” என்றார்கள். கல்யாண வீடுகளில் யாராவது ஒரு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இப்ப நான் என்ன நினைக்கிறேன், சொல்லு பாப்போம்” என்பார். பந்தி எப்போது போடுவார்கள் என்றுதான் நினைப்பார். வேறென்ன.

படிப்பு முடிந்து 2009-இல் சென்னையில் எனக்குக் கிடைத்தது வாடிக்கையாளர் சேவை வேலை. கரண்ட் பில், போன் பில் கட்டும் ஒரு இணையதளம். பணம் போய்விட்டது, பில் கட்டவில்லை என்று காட்டுகிறது என்பார்கள். ஒவ்வொரு அழைப்பும் முடிந்த பிறகு ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முதலில் இருந்தது ‘யூசர் எரர்’. நாம் எதையும் தொடாவிட்டால் அதுவேதான் பதிவாகும். நாளைக்கு எண்பது அழைப்பு எடுக்கிறவள் எதைத் தொடுவாள்?

ஒருநாள் மாலை ஒரு பெரியவர். தஞ்சாவூர்ப் பக்கம், ரிட்டயர்டு வாத்தியார். பணம் வங்கியிலிருந்து போகிற நேரத்தில் பக்கம் அப்படியே நின்றிருக்கிறது. பொறுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் போகும் பட்டனை அமுக்கியிருக்கிறார். ‘காத்திருக்கவும், பின்செல்ல வேண்டாம்’ என்று அந்தப் பக்கத்தின் அடியில் எறும்பு சைஸில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். அவர் சொன்னார்: “தப்பு என்னோடதும்மா. கண்ணு முன்ன மாதிரி இல்லை. உங்க நேரத்தையும் கெடுத்துட்டேன்.”

அன்றைக்கு அதே இடத்தில், அதே மாதிரி அது பதினாலாவது அழைப்பு. பதினாலு பேருக்கும் ஒரே இடத்தில் கண் தெரியாமல் போகுமா?

போன் வைத்த பிறகு ‘யூசர் எரர்’ என்றே பதிவு செய்தேன். பழக்கம்.

அந்த வாரக் கடைசியிலோ அடுத்த வாரமோ திருவல்லிக்கேணியில் ஒரு பழைய புத்தகக் கடையில் பொறியியல் உளவியல் பற்றிய பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, எழுபது ரூபாய். அதில்தான் அல்ஃபோன்ஸ் சபானிஸைப் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையில் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றால் தரையைத் தேய்த்தன. விமானி இறங்கியதும் ஃபிளாப் என்கிற இறக்கை மடிப்பைத்தான் உள்ளே இழுக்க வேண்டும், ஆனால் கை சக்கரத்தின் சுவிட்சுக்குப் போயிருக்கிறது. விசாரணைக் குறிப்பில் ‘விமானி பிழை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். 1943 வாக்கில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ராணுவ ஆய்வுக்கூடத்துக்கு வந்த சபானிஸ் விமானிகளின் மனத்தைத் தோண்டவில்லை. விமானி அறைக்குள் ஏறிப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், அச்சு அசலாக ஒன்றுபோல. வேறு விதமாகக் கட்டுப்பாடுகளை அமைத்திருந்த விமானங்களில் இந்தக் கூத்து நடக்கவில்லை. சபானிஸ் சக்கரத்துக்கான பிடியில் சின்ன ரப்பர் சக்கரமும், இறக்கை மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத் துண்டும் ஒட்டவைத்தார். தொட்டாலே எது எது என்று கை சொல்லிவிடும். இன்றைக்கும் விமானங்களில் சக்கரத்தை இறக்கும் பிடியின் முனை சக்கரம் போலத்தான் இருக்கிறது.

1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இப்படிப்பட்ட ‘விமானி பிழைகள்’ 460-ஐத் திரட்டி வகைப்படுத்தினார்கள். ஏறத்தாழ பாதி, ஒன்றை இயக்கப் போய் இன்னொன்றை இயக்கிய கதை.

நான் புத்தகத்தை மூடிவிட்டு மெரினா பக்கம் நடந்தேன். ‘விமானி பிழை’ என்று எழுதிக் கோப்பை மூடிய அந்த அதிகாரியின் நாற்காலியில்தான் நான் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதே சமயம், இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்று ஒரு துள்ளல். மனத்தைப் படித்துவிட்டு ரப்பர் சக்கரம் ஒட்டுகிற வேலை! கவுன்சலிங், இல்லாவிட்டால் மனித வளம். சைக்காலஜி படித்தவளுக்கு இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றை எங்கள் கல்லூரியில் யாரும் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு கண்ணில் படுவதெல்லாம் அதுவாகவே இருந்தது. அப்பா ரீம் கணக்குப் போட்டுப் போட்டுக் கால்குலேட்டரில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். அதே ஆள் வீட்டு போனில் பெரியப்பாவுக்குப் போட்டால் யாரோ ஒரு பேக்கரிக்குப் போகும். கால்குலேட்டரில் 7-8-9 மேல் வரிசையில், போனில் 1-2-3 மேல் வரிசையில். இதற்கும் ஒரு உளவியல்காரர்தான் காரணம் என்று அதே புத்தகத்தில் இருந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லினின் குழு பட்டன்களைப் பலவிதமாக அடுக்கி, சாதாரண ஜனங்களைத் தட்டவைத்து, வேகத்தையும் பிழையையும் எண்ணி, 1-2-3 மேலே இருக்கட்டும் என்று முடிவுக்கு வந்தது. பட்டன் போன் 1963-இல் விற்பனைக்கு வந்தது. கால்குலேட்டர்காரர்கள் தங்கள் வழக்கத்தை விடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது அப்பாவும் அந்த பேக்கரிக்காரரும்.

டிசைன் முதுகலைக்கு பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் நுழைவுத் தேர்வின் பெயர் சீட். சீட் எழுதினால் சீட் கிடைக்குமா என்ற ஜோக்கை இதற்குள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டாம். மூன்று வருஷ டிகிரி எதுவாக இருந்தாலும் எழுதலாம். வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் காப்பாற்றியது. முதல் முறை வரைதலில் கவிழ்ந்தேன். வீட்டில் பழகும்போது சைக்கிளை நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். பத்து வருஷம் ஓட்டிய சைக்கிள். செயினை முன் சக்கரத்துக்கும் சேர்த்து மாட்டியிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, “இது எந்தத் திருப்பத்துலயும் திரும்பாதுளே” என்றான். ஓட்டத் தெரிவது வேறு, எப்படி ஓடுகிறது என்று தெரிவது வேறு. அதற்குப் பிறகு ஒரு வருஷம் தினமும் ஒரு பொருள்: அரிவாள்மனை, ஸ்டவ், பூட்டு, தையல் மெஷினின் பாபின். பார்த்து வரைவது, பிறகு பார்க்காமல் வரைவது. இரண்டாவது முறை கிடைத்தது.

அங்கே என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் ஆர்க்கிடெக்டுகள், எஞ்சினியர்கள். அவர்கள் தாளில் கோடு இழுத்தாலே அது ஒரு நாற்காலியாக எழுந்து நிற்கும். என்னுடையது நாற்காலியா நாய்க்குட்டியா என்று கேட்பார்கள். முதல் செமஸ்டர் முழுக்க இரண்டு படகில் கால் வைத்தவள் மாதிரிதான் இருந்தேன். பழைய வகுப்பு நண்பர்களுக்கு நான் சைக்காலஜியை விட்டுப் போனவள், புது வகுப்பில் வரையத் தெரியாதவள்.

நிலைமை மாறியது ஒரு தண்ணீர்க் குழாயில். ஆளுக்கொரு குழாய்த் திருகுக்கு மாடல் செய்து வந்திருந்தோம். எல்லாரும் நண்பர்களிடம் நீட்டி “பிடிச்சிருக்கா?” என்று கேட்டார்கள், எல்லாருக்கும் எல்லாமே பிடித்திருந்தது. நான் மெஸ்ஸில் வேலை பார்த்த அக்காக்கள் பத்துப் பேரை வரவழைத்து, கையில் சோப்பு நுரையோடு திறந்து மூடச் சொன்னேன். எந்தப் பக்கம் முதலில் திருப்பினார்கள், எத்தனை முறை வழுக்கியது என்று எண்ணினேன். யாருக்கு எது முதலில் போகிறது என்பதைச் சீட்டுக் குலுக்கி மாற்றினேன். முதலாம் ஆண்டு பரிசோதனைக் கூடத்தில் தலையெழுத்தே என்று செய்த அதே காரியம். வகுப்பில் மிக அழகான திருகுதான் மிக அதிகமாக வழுக்கியது. அதைச் செய்த பையன் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, அடுத்ததையும் சோதித்துத் தரச் சொன்னான்.

“பிடிச்சிருக்கா” என்று ஏன் கேட்கக் கூடாது என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியல்காரர்கள் 1977-இல் எழுதியது. நாலு ஜோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் நெசவு, மென்மை என்று காரணம் சொன்னார்கள். நாலும் ஒரே காலுறை. ஓரத்தில் இருந்ததால் எடுத்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை அவர்கள். காரணம் அவர்களுக்கே தெரியாது. ‘சுலபமாக இருந்தது’ என்று சொன்ன என் ஜோடியும் பொய் சொல்லவில்லை.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு போர்வை வேறு இருக்கிறது, அது மரியாதை. வீட்டுக்கு வந்த பெண்ணிடம் “உன் ஆப் சரியில்லை” என்று யார் சொல்வார்கள்? காபி கொடுத்து, “நல்லா இருக்கும்மா” என்றுதான் சொல்வார்கள். தேனிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான கடன் செயலியைச் சோதிக்கப் போயிருந்தோம். குழுத் தலைவி நாற்பத்தைந்து வயது இருப்பார், குழுக் கணக்கு முழுவதையும் நோட்டே பார்க்காமல் ஒப்பிப்பார். எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டார், கடைசியில் பச்சைப் பட்டன் மட்டும்தான் பாக்கி. விரல் அதன் மேலே போய் நின்றது, இறங்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையில் நான் கற்ற மிகக் கடினமான வித்தை, அந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது. ஒரு நிமிஷம் கழித்துக் கேட்டார்:

“சமர்ப்பின்னு போட்டிருக்கே. யாருக்குச் சமர்ப்பிக்கணும்?”

சாமிக்குத்தானே சமர்ப்பிப்பார்கள். கடன் விண்ணப்பத்தை ஏன் சமர்ப்பிக்கச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தயக்கம். அதுவரை ஆபீஸில் அந்தப் பட்டனின் நிறத்தைப் பற்றி மூன்று மீட்டிங் நடந்திருந்தது. வார்த்தையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ‘அனுப்பு’ என்று மாற்றினோம்.

அதே செயலியில் ஓடிபி வரும் இடம் இன்னும் மோசம். மெசேஜ் ஆறு இலக்கம். திரையை விட்டு வெளியே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் முதல் பக்கத்தில் நிற்கும். ஒரு அம்மா உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். இன்னொருவர் மகனைக் கூப்பிட்டு, “நீ சத்தமாச் சொல்லிக்கிட்டே இரு” என்றார். ஜார்ஜ் மில்லர் 1956-இல் மனிதர்கள் ஒரே நேரத்தில் ஏழு, கூடக்குறைய இரண்டு, விஷயங்களைத்தான் பிடித்துவைக்க முடியும் என்று எழுதிய கட்டுரை எல்லாப் பாடத்திலும் வரும். நெல்சன் கோவன் 2001-இல் நாலுதான் என்று குறைத்தார். ஏழோ நாலோ, அடுப்பில் பால் இருக்கும் வீட்டில் அதுவும் நிற்காது. எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து அனுப்பவைத்தோம், திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே நிற்கவைத்தோம். இரண்டாவதைச் செய்ய வைப்பதற்கு எனக்கு நாலு மாதம் பிடித்தது. கடைசியில் உதவியது எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் இல்லை, அந்த உள்ளங்கையின் போட்டோ.

அன்றைக்குக் கிளம்பும்போதும் அந்தத் தலைவி சொன்னது: “எங்களுக்குத்தான்மா படிப்பு பத்தல.” தஞ்சாவூர் வாத்தியாருக்குக் கண், இவருக்குப் படிப்பு. எங்கே போனாலும் யாராவது இதைச் சொல்லாமல் என்னை அனுப்பியதில்லை. ஆனால் இந்த முறை நான் நிரப்பிய அறிக்கையில் ‘யூசர் எரர்’ என்ற கட்டமே இல்லை. இருந்ததை நான்தான் எடுத்திருந்தேன்.

எல்லாம் நல்லதாகவே நடந்தது போல எழுதினால் அண்ணன் மகளை ஏமாற்றியதாகிவிடும். மனம் எங்கே தடுமாறும் என்று தெரிந்தவர்களுக்குத் தடுமாற வைக்கவும் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நிறுவனத்தில், சந்தாவை நிறுத்தப் போகிறவர்கள் பார்க்கும் திரையைச் செய்யச் சொன்னார்கள். தொடர்வதற்குக் கொழுத்த ஆரஞ்சுப் பட்டன். நிறுத்துவதற்குக் கீழே வெளிறிய சாம்பல் எழுத்து. அந்த எழுத்தில் என்ன வர வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். ‘வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிப்பதில் விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். நிறுத்துகிறவர்கள் குறைந்தார்கள், எனக்குக் கைதட்டல் கிடைத்தது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. வேண்டாம் என்பவரைக் கூச வைக்கும் வாசகமும் அதில் ஒன்று. படித்தபோது என் வாக்கியத்தையே அரசிதழில் பார்த்த மாதிரி இருந்தது. அந்த நிறுவனத்தில் நான் இப்போது இல்லை, ஆனால் அதனால் வெளியே வந்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சம்பளம் அதிகம் என்று மாறினேன்.

சரி, அண்ணன் மகளுக்கு. பிளஸ் டூ முடித்து நேராக டிசைன் போக யூசீட் என்று தனித் தேர்வு இருக்கிறது. எந்தக் குரூப் படித்தவர்களும் எழுதலாம், ஆனால் இரண்டே தடவைதான். சைக்காலஜியில் சேர்ந்துவிட்டுப் பிறகு சீட் வழியாகவோ, அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் தேர்வு வழியாகவோ முதுகலைக்கு வரலாம். என்.ஐ.டி.யில் இன்டராக்‌ஷன் டிசைன் பெங்களூர் வளாகத்தில் இருக்கிறது. நான் வந்த வழி சுற்று வழி, அதையே சரியான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சைக்காலஜி எடுத்தால் பரிசோதனைப் பாடத்தையும் புள்ளியியலையும் கடனே என்று படிக்காதே. நம் வேலைக்கு ஃப்ராய்டு பத்து வருஷத்தில் ஒருமுறைகூட வரவில்லை. புள்ளியியல் வாராவாரம் வருகிறது. மனநோய்க்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிதான் உனக்குப் பிடித்தது என்று நடுவில் தெரிந்தால் அது முற்றிலும் வேறு சாலை, அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு, மருத்துவமனைப் பயிற்சி எல்லாம் வேண்டும். ஆறு வாரத்தில் யுஎக்ஸ் நிபுணர் ஆக்குகிறோம் என்கிற வகுப்புகளில் மென்பொருளை ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்ட சம்பளக் கேள்விக்குப் பதில்: எஞ்சினியருக்குக் கொஞ்சம் கீழே, ஆட்குறைப்பு வந்தால் முதல் வரிசையில்.

“ஏஐ வந்துருச்சே அத்தை, இதையெல்லாம் அதுவே செஞ்சிடாதா?”

திரையை அது என்னைவிட வேகமாக வரைகிறது, அதை நான் இனி மறுக்கப் போவதில்லை. உள்ளங்கையில் எழுதிய ஓடிபியை யார் போய்ப் பார்ப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பேசிப் பேசி அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஒரு நோட்டைக் கொடுத்து, “அப்பத்தா டிவி போடுறதைப் பாரு. உதவி செய்யாதே. நடக்கிறதை மட்டும் நேரத்தோட எழுது” என்றேன். அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். எங்கள் வீட்டில் டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட், இரண்டும் கறுப்பு, இரண்டும் பாலிதீன் உறைக்குள். அவள் எழுதியது:

7.28 — ஒரு ரிமோட்டை எடுத்தார். வைத்தார். மற்றதை எடுத்தார்.
7.29 — சிவப்புப் பட்டன். டிவி வந்தது. ‘சிக்னல் இல்லை’.
7.30 — அதே ரிமோட்டில் மறுபடி சிவப்பு. டிவி போய்விட்டது.
7.31 — உறையோடு ரிமோட்டைத் தொடையில் தட்டினார்.
7.33 — என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.
7.34 — “எனக்குத்தான் இதெல்லாம் ஓட மாட்டேங்குது.”
7.36 — சீரியல் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ரெக்கார்டு நோட்டை அப்போதுதான் பரணிலிருந்து எடுத்து அவளுக்குக் காட்டினேன். அவள் 31-ஐப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு யாரையும் கேட்காமல் மருந்து டப்பாவிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, இரண்டு ரிமோட்டிலும் நாலைந்து பட்டன் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடி ஒட்டினாள். ஒன்றின் முதுகில் குங்குமச் சிவப்பில் நெயில் பாலிஷ் வைத்து, ‘இது முதல்ல’ என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். அன்று இரவு அம்மா இரண்டே தட்டில் சீரியலுக்குப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அண்ணனுக்குப் போன் போட்டெல்லாம் சொன்னேன்.

காலையில் எழுந்து பார்த்தால் பிளாஸ்திரி மொத்தமும் உரிக்கப்பட்டு, ரிமோட் பிசுபிசுவென்று கிடந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மூடி வச்சா, அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

அண்ணன் மகள் பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.